ஒரு கூடைப்பந்து அணி எதனால் வெல்லுகிறது? பெடியள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் என்.பி.ஏ., அதாவது வட அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து, பார்ப்பதென்றால் விடியக்காலை எழும்ப வேண்டும். அங்கே இரவு ஆட்டம், இங்கே ஐந்தரை, ஆறு மணி. பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடும்போது கைபேசியில் கடைசிக் குவாட்டர், ஆட்டத்தின் கடைசிக் கால்பங்கு, ஓடிக்கொண்டிருக்கும். பின்னேரம் பயிற்சிக்கு வரும்போது அரைவாசிப் பேர் கனடாவின் என்.பி.ஏ. அணியான ரொறன்ரோ ராப்டர்ஸ் பெனியனோடுதான் வருவார்கள். ஸ்கார்பரோவில் இருக்கிற மாமாவோ மச்சானோ அனுப்பியது.

நான் பின்னேரங்களில் பாடசாலைப் பெடியளுக்குக் கூடைப்பந்து பழக்குகிறேன். பெடியளும், அவர்களைக் கூட்டிப்போக வருகிற தகப்பன்மாரும், பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரரும் கேட்கிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துப்போய் இதை எழுதுகிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

“அண்ணை, கூடக் கூடை போட்டவன் வெல்லுறான். இதுக்குள்ள யோசிக்க என்ன கிடக்கு?”

யோசிக்க ஒன்று கிடக்கிறது. கூடைப்பந்தில் நீங்கள் ஒரு கூடை போட்டால் அடுத்ததாகப் பந்து மற்ற அணியின் கைக்குப் போகும். அவர்கள் போட்டால் உங்களிடம் வரும். தவறின பந்தை மற்ற அணி எடுத்தாலும், பறிகொடுத்தாலும் அப்படித்தான். ஆனபடியால் ஆட்டம் முடியும்போது இரண்டு அணிக்கும் கிடைத்த வாய்ப்புகள் ஏறத்தாழச் சமமாகத்தான் இருக்கும். இப்போதைய என்.பி.ஏ.யில் 48 நிமிட ஆட்டத்தில் ஆளுக்குச் சுமார் 100. அந்த நூறிலிருந்து யார் கூடப் புள்ளி கறக்கிறார் என்பதுதான் முழுக் கதையும்.

அந்த வித்தியாசமும் சின்னது. 2024-25 பருவத்தில் ஒக்லஹோமா சிற்றி அணி 82 ஆட்டத்தில் 68 வென்றது. சராசரியாக ஓர் ஆட்டத்தை 12.9 புள்ளி வித்தியாசத்தில் வென்றது. என்.பி.ஏ. வரலாற்றிலேயே அதுதான் மிகப் பெரிய வித்தியாசம். கணக்குப் பாருங்கள்: எட்டு வாய்ப்புக்கு ஒரு புள்ளி கூட, அவ்வளவுதான். மற்ற ஏழிலும் அவர்களும் எதிரணியும் ஒன்றுதான்.

“பந்தைக் கையில வச்சுக்கொண்டே நேரத்தைக் கடத்தினா?”

முந்தி அதைத்தான் செய்தார்கள். 1950 நவம்பரில் ஃபோர்ட் வெய்ன் அணி மினியாபொலிஸை 19-18 என்று வென்றது. முழு ஆட்டத்துக்கும் அவ்வளவு புள்ளிதான்! சனம் காசு கொடுத்து வந்து கொட்டாவி விட்டுக்கொண்டு போனது. அதனால் 1954இல் 24 செக்கன் விதி வந்தது. சிரக்கியூஸ் அணியின் சொந்தக்காரர் டனி பயசோன் போட்ட கணக்கு அது. நல்ல ஆட்டமொன்றில் இரண்டு அணியும் சேர்ந்து சுமார் 120 தரம் எறியும், 48 நிமிடம் என்றால் 2880 செக்கன், பிரித்தால் 24. எங்கள் தேத்தண்ணிக்கடைக் கணக்கு மாதிரித்தான். எழுபது வருடமாக அது மாறவில்லை.

“சரி, அந்த நூறு வாய்ப்பில என்னத்தைச் செய்தா வெல்லலாம்?”

டீன் ஒலிவர் என்ற அமெரிக்கப் புள்ளிவிபரக்காரர் இதை நாலு விஷயமாகப் பிரித்தார். எறிகிற பந்து எவ்வளவு விழுகிறது. எறிய முதலே பந்தை எத்தனை தரம் பறிகொடுக்கிறீர்கள், அதாவது டேர்ன்ஓவர். தவறின பந்தை யார் திரும்ப எடுக்கிறார், அதாவது ரிபவுண்ட். எத்தனை பிறீ த்ரோ போடுகிறீர்கள், அதாவது எதிரணி விதி மீறி இடித்தால் மறிப்பவர் இல்லாமல் தலைக்கு ஒரு புள்ளிக்கு எறியக் கிடைக்கிற எறி. அவர் கொடுத்த பாரம் முறையே 40, 25, 20, 15. இந்த நாலையும் நீங்களும் செய்கிறீர்கள், எதிரணியும் செய்கிறது. ஆக எட்டு.

என்னிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. ஒவ்வொரு ஆட்டத்திலும் பக்கத்தை நடுவே கோடு போட்டுப் பிரித்து, இந்த நாலையும் இரண்டு அணிக்கும் கோடு கீறிக் கீறிப் பதிவேன். ஆட்டம் முடிந்தவுடன் பெடியள் சொல்லுகிற காரணமும் கொப்பி சொல்லுகிற காரணமும் ஒத்துப்போனது மிகக் குறைவு. ஒரு முறை “மத்தியஸ்தர் எங்களைக் கவிட்டுப் போட்டார்” என்று எல்லோரும் கத்தினார்கள். கொப்பியில் எங்கள் பக்கம் டேர்ன்ஓவருக்கு 23 கோடு. அந்த மனிசன் என்ன செய்வார்?

“நெட்டையான ஆக்கள் இருந்தாக் காணுந்தானே? பிறகேன் இவ்வளவு பயிற்சி?”

இந்தக் கேள்விக்குக் காரணம் வலைப்பந்து என்று நினைக்கிறேன். எங்கள் ஊரின் தர்ஜினி சிவலிங்கம் இரண்டு மீற்றருக்கும் மேல் உயரமானவர். வளையத்துக்குக் கீழே அவர் கைக்குப் பந்து போய்விட்டால் கூடைதான். 2018இல் சிங்கப்பூரில் இலங்கை ஆசிய வலைப்பந்துக் கிண்ணத்தை எடுத்தபோது அப்படித்தான் நடந்தது. ஆனால் வலைப்பந்தில் மறிப்பவர் மூன்று அடி தள்ளி நிற்க வேண்டும், பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுகிற வேலையும் கிடையாது. அங்கே உயரம் முழுதாகப் பலன் தரும். (அவருடைய குறி தவறாத கையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, அது வேறு கதை.)

கூடைப்பந்தில் உயரம் நுழைவுச்சீட்டு மட்டும். என்.பி.ஏ.யில் எல்லோரும் உயரம் என்றபடியால் உயரம் மட்டும் வித்தியாசம் காட்டாது. பந்தோடு வளைந்து ஓடத் தெரியாத, தூரத்தில் நிற்பவனை மறிக்க வெளியே வர ஏலாத நெட்டையன் ஒருவனை எதிரணி தேடிப்பிடித்து அவன் மேலேயே ஏறி விளையாடும். மறுபக்கம், மக்ஸி போக்ஸ் 1.60 மீற்றர் உயரத்தோடு அங்கே பதினாலு பருவம் விளையாடினார். எங்கள் பெடியளில் அரைவாசிப் பேர் அவரை விட உயரம்.

“ஏன் எல்லாரும் தூரத்தில நிண்டே எறியிறாங்கள்? கிட்டப் போய்ப் போட்டா லேசுதானே?”

கிட்டப் போக முடிந்தால் அதுதான் நல்லது, அதை யாரும் மறுக்கவில்லை. என்.பி.ஏ.யில் வளையத்தடியில் எறிந்தால் நூற்றுக்கு 65 அளவில் விழும். தலைக்கு 2 புள்ளி, ஆக ஓர் எறிக்கு 1.3. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நூற்றுக்கு 36 அளவில்தான் விழும். ஆனால் தலைக்கு 3 புள்ளி என்றபடியால் 1.08. இடைத்தூரத்தில், அதாவது கோட்டுக்கு ஓரடி உள்ளே நின்று இரண்டு புள்ளிக்கு எறிந்தால் நூற்றுக்கு 40 சொச்சம் விழும். ஓர் எறிக்கு 0.8 சொச்சம். கோட்டிலிருந்து ஓரடி பின்னுக்குக் கால் வைத்தால் கூலி கூடுகிற இடத்தில் யார்தான் முன்னுக்கு நிற்பான்?

இந்தக் கோடு என்.பி.ஏ.க்கு 1979இல் வந்தது. முதல் பருவத்தில் ஓர் அணி ஆட்டத்துக்கு மூன்று தரம்கூட அங்கிருந்து எறியவில்லை. இப்போது 35க்கும் மேல். இந்தச் சின்னக் கணக்கு உறைக்க முப்பது வருடத்துக்கு மேல் எடுத்திருக்கிறது. 2024இல் கிண்ணம் எடுத்த பொஸ்டன் ஆட்டத்துக்கு 42 தரம் எறிந்தது.

இன்னொன்று. தூரத்தில் குறி பிசகாதவன் நின்றால் அவனை மறிக்கிறவன் வெளியே வந்துதான் ஆக வேண்டும். அவன் வெளியே வந்தால் வளையத்தடி வெறுமையாகும். கோல்டன் ஸ்ரேட் அணியின் ஸ்டீபன் கரி பந்தைத் தொடாமல் சும்மா ஒரு மூலைக்கு ஓடினாலே இரண்டு பேர் பின்னால் ஓடுவார்கள். அந்த இடைவெளியில் வேறொருவன் லே-அப், அதாவது வளையத்தடிக்கு ஓடிப்போய்ப் போடுகிற கூடை, போடுவான்.

“அண்டைக்கு அது விழாட்டி?”

விழாவிட்டால் தோல்விதான். 2018 என்.பி.ஏ. மேற்குப் பிரிவு இறுதிப் போட்டியின் ஏழாவது, கடைசி ஆட்டம். ஹியூஸ்டன் ரொக்கெட்ஸ் அந்தப் பருவத்தில் 65 ஆட்டம் வென்று முதலிடத்தில் நின்ற அணி. அரை நேரத்தில் கோல்டன் ஸ்ரேட்டை விட 11 புள்ளி முன்னுக்கு. ஆனால் ஆட்டத்தின் நடுவில் மூன்று புள்ளி எறிகள் தொடர்ந்து 27 தவறின. எண்ணிப் பாருங்கள், இருபத்தேழு. மொத்தம் 44இல் 7தான் விழுந்தது. 101-92 என்று தோற்றார்கள்.

அதை வைத்து அவர்களின் கணக்குப் பிழை என்று சொல்ல மாட்டேன். 82 ஆட்டத்துக்குச் சரியான கணக்கு ஓர் இரவுக்குச் சரிவராமல் போகலாம். ஆனால் அந்த இரவில் அவர்களுடைய இரண்டாவது ஆளான கிறிஸ் போல் என்பவர் காயத்தோடு கதிரையில் இருந்தார். எறி விழாதபோது வேறு வழியால் புள்ளி எடுத்துத் தரக்கூடிய ஆள் அவர்தான். என் குறை அந்த இடத்தில்: ஒற்றை வழியை மட்டும் நம்பினார்கள்.

“ரிபவுண்ட் எண்டா பாய்ஞ்சு எடுக்கிறதுதானே, அதில என்ன வித்தை?”

டெனிஸ் றொட்மன் 2.01 மீற்றர். அந்தக் கூட்டத்தில் அது நெட்டை இல்லை. ஆனால் 1992 முதல் 1998 வரை ஏழு பருவம் தொடர்ந்து என்.பி.ஏ.யில் ரிபவுண்டில் முதலாவது அவர்தான். யார் எங்கே நின்று எறிந்தால் பந்து எப்படிச் சுழலும், எந்தப் பக்கம் தெறிக்கும் என்று பயிற்சியில் பார்த்துப் பார்த்து வைத்திருந்தார். மூலையிலிருந்து எறிந்து தவறினால் பந்து பெரும்பாலும் எதிர்ப் பக்கம்தான் போகும். மற்றவர்கள் பந்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும்போது அவர் விழப்போகிற இடத்துக்கு வெளிக்கிட்டுவிடுவார்.

பாய்ச்சலுக்கு முதல் ஒரு வேலை இருக்கிறது. பந்து ஆகாயத்தில் இருக்கும்போது உங்கள் ஆளைத் தேடிப்பிடித்து, அவனுக்கு முதுகைக் கொடுத்து, முழங்காலை மடித்து, பிட்டத்தால் அவனைப் பின்னுக்கு நகர்த்துவது. முன்கையை அவன் நெஞ்சில் வைத்து ஆள் எங்கே என்று உணர்ந்துகொண்டே இருக்க வேண்டும், கண் பந்தில் இருக்கும். எங்கள் அணியில் ஒரு மெலிந்த பெடியன் இதைச் செய்வான். அவனுக்கு ரிபவுண்ட் கிடைப்பது குறைவு, ஆனால் அவன் மறிக்கிற ஆளுக்கு ஒன்றுமே கிடைக்காது. கொப்பியில் அதற்குப் பெட்டி இல்லாதபடியால் அவன் பெயருக்கு நேரே ஓரத்தில் ஒரு புள்ளடி போடுவேன்.

“ரொறன்ரோ 2019இல கவாய் லெனர்ட் எறிஞ்ச பந்தால வெண்டது. அது அதிட்டந்தானே?”

ரொறன்ரோ கிண்ணம் எடுத்த அந்த வருடம், ஃபிலடெல்பியாவுக்கு எதிரான தொடரின் ஏழாவது ஆட்டம், 90-90, கடைசி செக்கன். வலது மூலையில் ஃபிலடெல்பியாவின் நெட்டையன் எம்பீட்டின் நீட்டிய கைக்கு மேலால் கவாய் எறிந்தார். மணி அடித்துவிட்டது. பந்து வளையத்தில் நாலு தரம் துள்ளி உள்ளே விழுந்தது. எங்களுக்கு அது மே 13 காலை. எங்கள் ஒழுங்கையில் அன்று ஒரு வீட்டிலிருந்து வந்த கூச்சலுக்கு ஆட்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள்.

நாலு துள்ளலும் அதிட்டம்தான். ஆனால் அந்த எறிவரைக்கும் ஆட்டம் சமனில் எப்படி நின்றது என்று பாருங்கள். ரொறன்ரோ அன்று எறிந்ததில் நூற்றுக்கு 40கூட விழவில்லை. கவாயே 39 தரம் எறிந்து 16தான் போட்டார். டீன் ஒலிவரின் முதல் விஷயத்தில் தோற்றுவிட்டார்கள். ஆனால் தவறின பந்தைத் திரும்பத் திரும்ப எடுத்தார்கள், பந்தைப் பறிகொடுக்காமல் வைத்திருந்தார்கள். அதனால் ஃபிலடெல்பியாவை விட மிகக் கூடிய தரம் எறியக் கிடைத்தது. கையில் சரக்குக் குறைவென்றாலும் கடையைக் கூட நேரம் திறந்து வைத்திருந்தார்கள்.

“ஒரு சூப்பர் ஸ்டார் இருந்தா மற்றவை சும்மா நிண்டாலும் காணாதோ?”

உதைபந்தாட்டத்தில் பதினொரு பேர், இங்கே ஐந்து பேர். நல்ல ஆள் ஆட்டத்தில் ஆறில் ஐந்து பங்கு நேரம்கூட நிற்கலாம், ஒவ்வொரு முறையும் பந்தைத் தன் கைக்கு எடுக்கலாம். அதனால் ஓர் ஆளின் பாரம் வேறெந்தக் குழு விளையாட்டையும் விட இங்கே கூட. இதை நான் மறைக்கவில்லை.

ஆனால் அதே ரொறன்ரோவைப் பாருங்கள். 2018-19 பருவத்தில் உடம்பைப் பார்த்துக்கொள்ள என்று கவாயை 22 ஆட்டத்தில் இருத்திவிட்டார்கள். அந்த 22இல் 17 வென்றார்கள். லவ்றி, சியாக்கம், பருவத்தின் நடுவில் வந்த மார்க் கசோல், வருடா வருடம் அணிகள் முறைவைத்துப் புது ஆட்களை எடுக்கிற தெரிவில் யாரும் எடுக்காத ஃப்ரெட் வான்ஃப்ளீட் என்று அடுத்த வரிசை அவ்வளவு உறுதி. கவாய் இல்லாமல் அந்தக் கிண்ணம் இல்லை. கவாய் மட்டும் என்றாலும் இல்லை. 2004இல் லொஸ் ஏஞ்சல்ஸிடம் ஷக், கோபி, மலோன், பேட்டன் என்ற நாலு நட்சத்திரங்களும் ஒன்றாக இருந்தார்கள். இறுதித் தொடரில் டெட்ரொயிட் 4-1 என்று அடித்து அனுப்பியது.

“டிஃபென்ஸ்தான் கப் எடுத்துத் தரும் எண்டு கோச்மார் சொல்லுறது உண்மையோ?”

மேலே சொன்ன டெட்ரொயிட்டுக்கு உண்மை. அந்தத் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் லொஸ் ஏஞ்சல்ஸை 68 புள்ளியில் நிறுத்தினார்கள். பொதுவாக என்றால் பாதி உண்மை. மறித்துக் காப்பாற்றிய ஒரு புள்ளியும் போட்ட ஒரு புள்ளியும் ஒரே விலைதான். கோச்மார் இதைச் சொல்லுவதற்கு வேறு காரணம் இருக்கிறது: எறி சில நாள் விழும், சில நாள் விழாது. கால் ஓடுவது அநேகமாக ஒவ்வொரு நாளும் ஓடும். நானும் அதனால்தான் சொல்லுகிறேன்.

“புள்ளியே போடாத ஒருத்தனை ஏன் விளையாட விடுறாங்கள்?”

அவன் உள்ளே நிற்கும்போது அணி எத்தனை புள்ளி முன்னுக்குப் போகிறது, வெளியே இருக்கும்போது எத்தனை பின்னுக்கு வருகிறது என்று எண்ணுகிறார்கள். பிளஸ்-மைனஸ் என்பது அதுதான். நான் சொன்ன புள்ளடிப் பெடியனை நினையுங்கள். ஷேன் பட்டியர் என்றொருவர் அங்கே இப்படியே பேர் எடுத்தார்: தன் கணக்கில் பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் அவர் நின்றால் அணி முன்னுக்குப் போகும். ஓர் ஆட்டத்தின் பிளஸ்-மைனஸை மட்டும் நம்ப வேண்டாம். கூட நிற்கிற நாலு பேரின் பாவபுண்ணியமும் அதில் கலந்திருக்கும்.

“பிறீ த்ரோ ஆரும் போடுவினம். அதையேன் தினமும் அம்பது எறியச் சொல்லுறியள்?”

போடுவினம் என்றால் போடுங்கள் பார்ப்போம். என்.பி.ஏ.யில் சராசரி நூற்றுக்கு 78. இரண்டு எறிக்கு 1.56 புள்ளி. மேலே வளையத்தடிக்குச் சொன்ன 1.3ஐ விடக் கூட.

அந்தக் கால நட்சத்திரம் வில்ட் சேம்பர்லெய்ன் 1962 மார்ச் 2இல் 100 புள்ளி எடுத்த ஆட்டத்தில் 32இல் 28 பிறீ த்ரோ போட்டார். அந்தப் பருவத்தில் இரண்டு கையாலும் கீழிருந்து மேலே, சின்னப்பிள்ளை மாதிரி எறிந்துகொண்டிருந்தார். றிக் பரி என்ற இன்னொரு ஆட்டக்காரர் காலமெல்லாம் அப்படியே எறிந்து நூற்றுக்குத் தொண்ணூறு அளவில் போட்டவர். வில்ட்டோ வெட்கம் என்று பிறகு அதை விட்டுவிட்டார். வாழ்நாள் கணக்கு நூற்றுக்கு 51. வெட்கத்தின் விலை அவ்வளவு.

“கை சூடாகினவனுக்குப் பந்தைக் குடுக்க வேணும் எண்டது பொய்யாமே?”

1985இல் கிலோவிச், வலோன், ற்வேர்ஸ்கி என்ற மூவர் ஃபிலடெல்பியா அணியின் எறிகளை எடுத்துப் பார்த்து, மூன்று விழுந்தால் நாலாவதும் விழும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றார்கள். முப்பது வருடம் அதுதான் வேதவாக்கு. பிறகு மில்லர், சன்ஹூர்ஹோ என்ற இருவர் அந்த எண்ணும் முறையிலேயே ஒரு சறுக்கல் இருக்கிறது, அதைத் திருத்தினால் சூடு கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது என்று காட்டினார்கள். கிளே தொம்சன் 2015 ஜனவரியில் ஒரே குவாட்டரில் 13 தரம் எறிந்து பதின்மூன்றும் போட்டு 37 புள்ளி எடுத்ததைப் பார்த்தவனுக்கு இந்தத் தர்க்கம் தேவையில்லை. ஆனால் சூடு என்று நினைத்தவுடன் ஆள் மறிக்கிற இடத்திலிருந்து எறியத் தொடங்குவான். அங்கேதான் கெடுகிறது.

“சொந்த ஊரில விளையாடினா வெல்லுறது ஏன்?”

நித்திரை, பயணம், சனம். ஆறு மாதத்துக்குள் 82 ஆட்டம், சில நேரம் இன்று ஓர் ஊர், நாளை இன்னோர் ஊர். டென்வர் கடல்மட்டத்திலிருந்து 1600 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வெளியாருக்கு மூச்சு வாங்கும். 2020இல் கொரோனா நேரம் 22 அணிகளை ஒர்லாண்டோவில் ஒரே இடத்தில் வைத்து, பார்வையாளர் இல்லாமல் நடத்தினார்கள். சொந்த ஊர்ப் பலன் ஏறத்தாழ இல்லாமல் போனது.

“73 ஆட்டம் வெண்டவங்கள் ஏன் கப் எடுக்கேல்ல?”

2015-16இல் கோல்டன் ஸ்ரேட் 73-9. அதற்கு மேல் யாரும் போனதில்லை. இறுதித் தொடரில் கிளீவ்லாண்டுக்கு எதிராக 3-1 என்று முன்னுக்கு நின்று 3-4 என்று தோற்றார்கள். ஐந்தாவது ஆட்டத்தில் அவர்களின் டிரேமண்ட் கிறீனுக்குத் தடை. கடைசி ஆட்டத்தின் கடைசி நாலரை நிமிடத்தில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை.

முதல் பதிலில் சொன்னதை நினையுங்கள். மிக நல்ல அணியும் எட்டு வாய்ப்புக்கு ஒரு புள்ளிதான் கூட எடுக்கிறது. 82 ஆட்டத்தில் அது பெரிய மலையாகும். நாலரை நிமிடத்தில் அது ஒன்றுமேயில்லை. இதனாலேயே ஓர் அணி எவ்வளவு நல்லது என்று அறிய வெற்றி தோல்வியை விடச் சராசரிப் புள்ளி வித்தியாசத்தைப் பார்க்கச் சொல்லுகிறார்கள். இரண்டு மூன்று புள்ளியில் வென்ற ஆட்டங்கள் எந்தப் பக்கமும் திரும்பியிருக்கலாம்.

“எல்லா அணிக்கும் இந்தக் கணக்குத் தெரியுந்தானே. பிறகு எப்பிடி ஒருத்தன் மட்டும் வெல்லுறான்?”

இதைக் கேட்டது ஒன்பதாம் ஆண்டுப் பெடியன். கணக்கு தெரிந்த பிறகு போட்டி வேறு இடத்துக்கு மாறிவிடும்: மற்றவர்கள் விலை குறைத்து மதிக்கிற ஆளை யார் முதலில் கண்டுபிடிக்கிறார் என்பதற்கு. நிக்கொலா யொக்கிச்சை 2014இல் டென்வர் 41ஆவதாக எடுத்தது. அவர் பெயரை அறிவித்தபோது தொலைக்காட்சியில் சாப்பாட்டு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. பாய்ச்சல் குறைவு, ஓட்டம் மெதுவு. ஆனால் யாருக்கு எப்போது வழி திறக்கும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும். 2023இல் டென்வர் முதல் கிண்ணத்தை எடுத்தது.

ஒக்லஹோமா சிற்றியின் வழி வேறு. 2019இல் தங்கள் பெரிய ஆளான போல் ஜோர்ஜ் என்பவரைக் கொடுத்து, பெயர் பெறாத ஷாய் கில்ஜியஸ்-அலெக்ஸாண்டரையும் ஒரு கட்டு எதிர்காலத் தெரிவுகளையும் வாங்கினார்கள். அந்தத் தெரிவில் ஒன்றில் ஜேலன் வில்லியம்ஸ் வந்தார். சில வருடம் தோற்றார்கள், பொறுத்தார்கள். 2025இல் கிண்ணம் எடுத்தபோது அவர்களின் பெரிய ஆயுதம் டேர்ன்ஓவர். தாங்கள் பறிகொடுப்பது குறைவு, எதிரணியிடம் பறிப்பது கூட. எல்லோரும் மூன்று புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒலிவரின் பட்டியலில் இரண்டாவதாக இருந்ததை இவர்கள் எடுத்தார்கள்.

“இதெல்லாம் அமெரிக்காக் கதை. எங்கட பள்ளிக்கூட அணிக்கு என்ன செய்யலாம்?”

மூன்று புள்ளியை இப்போதைக்கு விடுங்கள். என்.பி.ஏ.யின் 36 எங்களுக்கு வராது. 20 விழுந்தால் ஓர் எறிக்கு 0.6தான், அந்தக் கணக்கில் லே-அப் ஓடுவது மேல். எங்கள் மட்டத்தில் ஆட்டத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் டேர்ன்ஓவரும், ஆளில்லாமல் தனியே ஓடிப்போய்த் தவறவிடுகிற லே-அப்பும். ஆகவே கிழமைக்கு இரண்டு நாள் இடது கையால் மட்டும் லே-அப், ஒரு நாள் பந்தைத் தட்டாமல் கடத்தி மட்டும் விளையாட்டு. அப்புறம் அந்த ஐம்பது பிறீ த்ரோ. மாலை ஆறரைக்கு வளையம் மங்கலாகத்தான் தெரியும், வலையும் அறுந்துவிட்டது. பந்து உள்ளே போனதா இல்லையா என்று சண்டை வருகிறபடியால் ஒருவன் கீழே நின்று எண்ண வேண்டும். நாளைக்கு யாருடைய முறை என்று கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.